வாங்காமல் எழுதிய பாராட்டு

அன்பு மகளுக்கு உம்மாவின் ஸலாம். அல்லாஹ்வின் கிருபையால் நானும் வாப்பாவும் சுகம், உன் இருமல் விட்டதா, வேலைக்குப் போகிற அவசரத்தில் வெறும் வயிற்றோடு ஓடாதே. வாப்பாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இப்போது சட்டைக் கறையெல்லாம் தெரிகிறதாம், துவைத்தது யார் என்று என்னையே கேட்கிறார்.

போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். நான் பாடம் நடத்தும் மதரசாவின் விடுதிப் பெண்கள் தைக்கும் தொழுகை அங்கியை ஆன்லைனில் போட்டும் யாரும் சீண்டவில்லை என்று உன்னிடம் புலம்பினேன் அல்லவா. நீயும் அறைத் தோழிகளும் வாங்கியவர்கள் போல, துணி அருமை, சாயம் போகவே இல்லை என்று எழுதி ஐந்து நட்சத்திரம் போட்டீர்கள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது, என் மகள் எழுதியது பாருங்கள் என்று வகுப்பிலேயே காட்டினேன். ஆர்டர் குவிந்தது, சமையலறைக்குப் புது அடுப்பு வந்தது.

போன வாரம் வியாபாரப் பாடம். வாங்கும் எண்ணமில்லாதவர் பிறரை இழுக்கப் பொருளைப் புகழ்வது கூடாது என்ற இடம். வருஷா வருஷம் ஏலக்கடையில் வாங்குபவன் போல நின்று விலையை ஏற்றிவிடும் ஆளை உதாரணம் காட்டி நடத்துவதுதான். ஒரு பெண் எழுந்து, "அப்ப நாங்க வீட்ல சொல்லி எழுத வெச்சதும் தப்பா ஆலிமா? உங்க மக எழுதினதப் பார்த்துத்தானே செஞ்சோம்" என்றாள். "எங்க வீட்டுப் பூனை பேர்லகூட ஒண்ணு இருக்கு" என்று இன்னொருத்தி சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். எனக்குத் தலை நிமிரவில்லை. அன்று அங்கி விற்கும் அந்த ஆன்லைன் பக்கத்தைக் கடைசிவரை படித்தேன். முதல் துவையலிலேயே கறுப்பு இறங்கிக் குழந்தையின் உடுப்பெல்லாம் பாழ் என்று ஒரு தாய் எழுதியது, நம் புகழ்ச்சிக்கு அடியில் பதிலில்லாமல் கிடந்தது.

மதரசாவை நடத்தும் பெரிய ஆலிமாவிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை, "அந்தப் புது அடுப்பப் பத்த வைக்கவே கை வரலம்மா" என்றார். விற்பனையை நிறுத்தி, சாயம் போகும், திருப்பி அனுப்பலாம் என்று வாங்கியவர்களுக்கெல்லாம் எழுதிவிட்டோம். பெண்கள் தங்கள் வீட்டார் எழுதியதையெல்லாம் அழிக்க வைத்துவிட்டார்கள். மிச்சம் உன்னுடையதும் உன் தோழிகளுடையதும்தான். அவர்களிடம் என்ன சொல்வாய் என்று நினைத்தாலே கூசுகிறது. உம்மா கேட்டுத்தான் எழுதினோம் என்றே சொல். நான் கேட்கவில்லை என்று இத்தனை நாள் என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன், உன்னிடம் புலம்பினால் நீ சும்மா இருக்கமாட்டாய் என்று எனக்குத் தெரியாதா.

உன் சம்பாத்தியத்தில் அல்லாஹ் பரக்கத் செய்யட்டும், உடம்பைப் பார்த்துக்கொள். மறக்காமல் இன்றே அழித்துவிடு கண்ணு. பெண்கள் தினமும் பக்கத்தைத் திறந்து உன் பெயர் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள்.

இப்படிக்கு,
உன் உம்மா