உரையின் கடைசி வரி

மார்ச் 3

அன்புள்ள மைக் அத்தைக்கு,

வணக்கம். இந்தப் பெயரைச் சூட்டியது என் தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள். கூட்டம் தொடங்கும் முன் மேடையேறி "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசாமல் இறங்கிவிடுவீர்களே, அதனால்தான். அவனுக்கும் பட்டப்பெயர் உண்டு. ஆஸ்பத்திரி வார்டில் நர்சுகளைக்கூட அதிகாரம் செய்வதால் தலைவர்.

குளியலறையில் டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன். அம்மாவுக்குத் தெரிந்தால் தொலைந்தேன். பதிலைப் பள்ளிக்கூட முகவரிக்குப் போடுங்கள். நூலக டீச்சர் வாங்கி வைப்பார்கள்.

அத்தை, அம்மாவைக் கொஞ்ச நாள் உங்கள் புற்றுநோய்ச் சங்கக் கூட்டங்களுக்குக் கூப்பிடாமல் இருக்க முடியுமா? தம்பிக்குப் புற்றுநோய் திரும்பி வந்துவிட்டது. "இனிமே மருந்து கேக்காது. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் சந்தோஷமா வச்சுக்குங்க" என்று டாக்டர் சொன்னபோது கதவுக்குப் பின்னால் நின்றேன். அப்பா அழுதார். அம்மா அழவில்லை. மறுநாள் காலை கூட்டத்துக்குக் கிளம்பிவிட்டார். அன்றிலிருந்து ஒரு நாள்கூடப் பகலில் வீட்டில் இருந்ததில்லை.

அடுப்படியில் அம்மா ஒத்திகை பார்த்துப் பார்த்து உரை எங்களுக்கும் மனப்பாடம். "ஆராய்ச்சின்னு அழுத்திச் சொல்லும்மா, கடன் கேக்கற மாதிரி சொல்லாத" என்று தம்பி படுக்கையிலிருந்தே திருத்துவான். "என் மகன் வீட்டில் எனக்காகக் காத்திருக்கிறான்" என்ற கடைசி வரிக்குத்தான் எல்லாரும் கைதட்டுவார்களாம்.

அது உண்மைதான் அத்தை. தூங்காமல் காத்திருக்கிறான்.

தலைவரின் அக்கா

மார்ச் 8

அன்புள்ள தலைவரின் அக்காவுக்கு,

உன் கடிதத்தைச் சங்க அலுவலகத்தில் வைத்துப் படிக்க முடியவில்லை. மாடிப்படியில் போய் உட்கார்ந்து படித்தேன்.

உன்னிடம் பூசி மெழுக மாட்டேன். பதினெட்டாம் தேதி, ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கும் நிதிக் குழு கூடுகிறது. பெரியவர்களுக்காகச் செய்த மருந்தையே அளவைக் குறைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதுதான் இங்கே பல நேரம் நடக்கிறது. பிள்ளைகளுக்கென்றே மருந்து தேட ஓர் ஆய்வுக்கூடம் தயாராக இருக்கிறது. பணம் இல்லை. "இந்த நோய் வர்ற குழந்தைங்க எண்ணிக்கை கம்மிதானே" என்று குழு தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறது. காகிதத்தைப் புரட்டிக்கொண்டிருப்பவர்கள் உன் அம்மா பேசும்போது மட்டும்தான் நிமிர்ந்து பார்க்கிறார்கள்.

அந்த ஒரு கூட்டம் மட்டும், கண்ணு. அதன்பிறகு நான் கூப்பிடவே மாட்டேன். பொறுத்துக்கொள்வாயா?

மைக் அத்தை

மார்ச் 11

அன்புள்ள அத்தைக்கு,

பொறுத்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். நேற்று தம்பி கேட்டான். "என்னை மாதிரி பசங்களுக்காகத்தானே அம்மா ஊர்ல எல்லார்கிட்டயும் பேசறாங்க? அப்போ என்கிட்ட ஏன் பேச மாட்டேங்கறாங்க?"

"அம்மாவுக்கு வேலைடா" என்றேன்.

"பொய் சொன்னா அக்கா பதவியிலேர்ந்து தூக்கிடுவேன்" என்றான். பிறகு, "அம்மா அந்தக் கடைசி வரியைச் சொல்றப்போ நான் இல்லைன்னா அது பொய்யாயிடும்ல?" என்று கேட்டான்.

அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

வார்டில் அவனுக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்த பாப்பாவை நினைத்தால் அம்மா போகத்தான் வேண்டும். இவன் கதவையே பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தால் போகவே கூடாது. எது சரி என்று தெரியவில்லை. பயமாக இருக்கிறது.

தலைவரின் அக்கா

மார்ச் 14

அன்புள்ள பெண்ணே,

உன் அம்மாவை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "இத்தனை நாள் உழைச்சவளைக் கழட்டி விடறீங்களா?" என்று போனில் கத்தினார். உன்னைப் பற்றி நான் மூச்சு விடவில்லை.

என் மகன் கண்ணை மூடியபோது நான் ஒரு கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தேன். நன்றாகப் பேசினேனாம். அதற்குப் பிறகு மேடையில் எனக்குப் பேச்சு வந்ததில்லை. பதினெட்டாம் தேதி நான் பேசுகிறேன்.

மைக் அத்தை

மார்ச் 27

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் துக்கத்துக்கு வந்திருந்தபோது என்னைத் தெரிந்தமாதிரி காட்டிக்கொள்ளவில்லை. நன்றி.

உங்கள் போன் வந்த அன்று அம்மா கழுவிய பாத்திரங்களையே திரும்பத் திரும்பக் கழுவினார். பதினெட்டாம் தேதி காலையில் சேலை கட்டிக்கொண்டு வாசல்வரை போய்விட்டார். "கூட்டம் இங்கதான்மா. நான்தான் குழு. பேசு" என்று தம்பி கூப்பிட்டான். அம்மா கட்டில் காலருகில் நின்று தொடங்கினார். நடுவில் அவன் மெத்தையைத் தட்டி, "மேடம், நேரம் ஆயிடுச்சு, இங்க வந்து உக்காருங்க" என்றான். அம்மா உட்கார்ந்தார். கடைசி வரியைச் சொல்லவில்லை.

அப்புறம் எழுந்திருக்கவும் இல்லை, அவன் போகும்வரை.

உங்கள் கூட்டம் என்ன ஆயிற்று?

தலைவரின் அக்கா

ஏப்ரல் 2

அன்புள்ள பெண்ணே,

"ஒன்று, இரண்டு, மூன்று" என்றேன். அதற்குமேல் வரவில்லை. அறிக்கையை மேசையில் வைத்துவிட்டு இறங்கிவிட்டேன். குழு அக்டோபருக்கு ஒத்திவைத்துவிட்டது. பக்கத்துக் கட்டில் பாப்பாவின் அப்பா வெளியில் நின்றிருந்தார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இதை நீ சுமக்காதே. பேச்சு நின்றுபோனது எனக்குத்தான். உன் அந்தக் கடிதம் இன்று வந்தாலும் உன் அம்மாவை வர வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

மைக் அத்தை

செப்டம்பர் 20

அன்புள்ள அத்தைக்கு,

இத்தனை மாதம் எழுதாமல் இருந்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். பாப்பாவை நினைத்தாலே பேனா ஓடவில்லை.

அக்டோபர் கூட்டத்துக்கு அம்மா வருகிறார். உரையை நல்ல கையெழுத்தில் எழுதித் தரச் சொன்னார். கடைசி வரி வந்ததும் நிறுத்திவிட்டேன். "இதை என்னம்மா பண்றது?"

அம்மா பேனாவை வாங்கிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு எழுதினார்: "என் மகள் வீட்டில் எனக்காகக் காத்திருக்கிறாள். சீக்கிரம் முடித்துக்கொள்கிறேன்."

எழுந்து போகும்போது திரும்பிப் பார்க்காமல் சொன்னார். "மைக் அத்தைக்கு எழுதறப்போ, மேடையில என் பக்கத்துல வந்து நிக்கச் சொல்லு. அவங்க பேச வேணாம், நின்னா போதும். அப்புறம், குளியலறையில உக்காந்து எழுதாதடி. ஈரம். கண்ணும் கெட்டுடும்."

எப்போதிலிருந்து தெரியும் என்று நான் கேட்கவில்லை.

இதைக் கூடத்தில் விளக்கைப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

தலைவரின் அக்கா