இடது பக்கம், மூன்றாவது குழாய்

அப்பா,

நீங்கள் போய் மூன்று மாதமாகக் கட்டிலுக்கு அடியில் கிடந்த சாக்குப் பையை இன்றைக்குத்தான் அவிழ்த்தேன். முடிச்சு உப்பில் இறுகிப் போயிருந்தது. பல்லால் கடித்து இழுத்தேன். திறந்ததும் உங்கள் வாசனை வந்தது. ரப்பர், உப்பு, கொஞ்சம் பற்பசை. கண்ணாடியில் மூச்சு படியாமல் இருக்க உள்பக்கம் பற்பசை தேய்ப்பீர்களே, அது இன்னும் ஓரங்களில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அம்மா தூங்குகிறாள். போர்வைக்குள் போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் சிலிண்டர்களில் காற்று அடைக்கும் கம்ப்ரஸர் ஷெட், அதைத் தாண்டினால் முதலாளியின் ஆபீஸ். தாள் சரசரத்தாலே எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்கிறேன். அம்மா இதைப் பார்த்தால் காலையில் அடுப்பில் போட்டுவிடுவாள்.

நாளைக்கு எங்கள் பதினொன்றாம் வகுப்பை இங்கேதான், முதலாளியின் டைவிங் சென்டருக்கே அழைத்து வருகிறார்கள். கடலைப் பாதுகாப்பது பற்றி ஒரு நாள் பயிற்சியாம். டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ வேணும்னா லீவ் எடுத்துக்கம்மா, யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்குக் காது சுட்டது. நான் எதற்கு லீவ் எடுக்க வேண்டும்? நாம் என்ன செய்தோம்?

இப்போது கடலில் இறங்குகிறவர்களுக்கு இங்கே என்ன சொல்லி அனுப்புகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. நான் தினமும் காலையில் பல் தேய்க்கும்போது கேட்கிறேன். கெஸ்ட்டுகளை மணலில் வட்டமாக உட்கார வைத்து, எதையும் தொடாதீர்கள், எதையும் எடுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு, "ஏக் லாலச்சி ஆத்மி தா" என்று ஆரம்பிக்கிறார்கள். பேராசை பிடித்த ஒருத்தன் இருந்தானாம். இங்கேயே வேலை பார்த்தவனாம். ஒருநாள் விடியும் முன்னால் சிலிண்டரைத் திருடிக்கொண்டு போய், பித்தளைக்கு ஆசைப்பட்டுக் கடலடியில் கிடக்கும் பழைய பாய்லருக்குள் நுழைந்தானாம். வெளியே வரவேயில்லையாம். கெஸ்ட்டுகள் 'அச்சச்சோ' என்கிறார்கள். சிலர் சிரிக்கவும் செய்கிறார்கள். பிறகு ஆபீஸில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பித்தளைச் சக்கரத்தைப் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.

இதைச் சொல்வது மாமா, அப்பா. உங்கள் மச்சினன். படகு ஓட்டிக்கொண்டிருந்தவரை முதலாளி உங்கள் இடத்தில் வைத்துவிட்டார். உங்கள் விசில்தான் அவர் கழுத்தில் தொங்குகிறது.

அதே மணலில் நீங்கள் பேசியதை எத்தனை தடவை கேட்டிருக்கிறேன். அந்தப் பாய்லரை நீங்கள் பாய்லர் என்று சொன்னதேயில்லை. கல்யாண வீட்டு அண்டாவைப் படுக்க வைத்த மாதிரி இருப்பதால் உங்களுக்கு அது அண்டா. பெங்காலிக் கெஸ்ட்டுகளும் உங்களிடமிருந்து கற்றுக்கொண்டு 'ஒண்டா, ஒண்டா' என்பார்கள். கரையிலிருந்து நடந்தே இறங்கி, பத்து மீட்டர் ஆழத்துக்குள் பார்த்துவிடலாம். வெள்ளைக்காரன் காலத்து ஏதோ ஒரு நீராவிக் கப்பலின் வயிறு. கைதிகளை ஏற்றி வந்த கப்பல் என்று சொல்லச் சொன்னார் முதலாளி. நோட்டீஸிலும் அப்படித்தான் அடித்திருக்கிறார். நீங்கள் கடைசிவரை சொல்லவில்லை. "எந்தக் கப்பல்னு எனக்குத் தெரியாது. ஆனா உள்ள நின்னு கரி அள்ளிப் போட்டவன் ஒருத்தன் இருந்திருப்பான். அவன் வீட்டுக்குப் போற மாதிரி போங்க" என்று உங்கள் ஓட்டை ஹிந்தியில் சொல்வீர்கள். பணக்காரப் பிள்ளைகள்கூட அதற்கப்புறம் சத்தம் போடாமல் காலில் ஃபின் துடுப்புகளை மாட்டுவார்கள்.

உங்களைத் திருடன் என்கிறார்கள்.

கச்சால் தீவில் ரப்பர்த் தோட்டத்துக் கூலி லயத்தில் பிறந்து, சுனாமிக்கு வீட்டையும் உங்கள் அம்மாவையும் பறிகொடுத்துவிட்டுக் கப்பலேறி வந்தவர் நீங்கள். போர்ட் பிளேயர் முகாமில் குழாயடியில் நின்றபோது, சுனாமியில் போன உங்கள் அம்மாவின் பித்தளைக் குடம் வேறு ஒருத்தியின் இடுப்பில் இருந்ததைப் பார்த்தீர்களாம். கழுத்தில் இருந்த நெளிசலைக்கூட அடையாளம் தெரிந்ததாம். கேட்கவில்லை. அவளும் எல்லாவற்றையும் இழந்தவளாக இருக்கும் என்று விட்டுவிட்டீர்கள். அதை எனக்கு ஒரே ஒரு தடவை சொன்னீர்கள். "தண்ணிக்குள்ள கெடக்கறதுக்குச் சொந்தக்காரங்க இல்லேன்னு நெனைக்காத புள்ள" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டீர்கள். அண்டாவின் மேலிருந்து உதிர்ந்து விழும் துருவைக்கூடக் கரைக்குக் கொண்டு வர விடாத மனிதர் நீங்கள்.

நடந்தது எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும். மாமாவுக்கும், முதலாளிக்கும் தெரியும். தெரிந்த நான்கு பேரும் வாயை மூடிக்கொண்டிருக்கிறோம்.

மெயின்லேண்டிலிருந்து ஒரு பெரிய மனிதர் மனைவியோடு வந்திருந்தார். கார் வந்து நின்றதும் முதலாளியே ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். அன்றைக்கு அவர் மனைவி தண்ணீருக்குள் பயந்துவிட்டதால் நீங்கள் அவளைக் கையைப் பிடித்துக் கரைக்குக் கூட்டி வந்துவிட்டீர்கள். அவருடன் அண்டா வரை போனவர், உதவிக்குக் கூட இறங்கியிருந்த மாமா. அந்த மனிதர் கல்லால் தட்டி, வால்வு திருகும் சக்கரத்தைக் கழற்றியதை மாமா பார்த்துக்கொண்டுதான் நின்றார். பெரிய மனிதரிடம் எப்படி வேண்டாம் என்று சொல்வது என்று பிறகு உங்களிடம் அழுதார். ஊருக்குப் போகும் அன்று ஏர்போர்ட்டில் பிடித்துவிடுவார்கள் என்று அந்தப் பெரிய மனிதருக்கே பயம் வந்து, அதை ரூமிலேயே விட்டுப் போயிருக்க வேண்டும். ரூம் பெருக்கப் போன அம்மா, குளியலறையில் ஈரத் துண்டில் சுற்றிக் கிடந்ததை எடுத்து வந்து உங்களிடம் கொடுத்தாள்.

நீங்கள் நேராக முதலாளியிடம் போய்ச் சொன்னீர்கள். திருடன் அப்படிச் செய்வானா? அவர் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்து, ஆபீஸில் வைத்தால் நன்றாக இருக்கும் என்றாராம். எடுத்த இடத்திலேயே வைக்க வேண்டும் என்று நீங்கள் திரும்ப வாங்கிக்கொண்டபோது, அப்படியென்றால் என் சிலிண்டரில் போக வேண்டாம் என்றாராம். அவர் ஆபீஸிலிருந்து சிரித்துக்கொண்டே வெளியே வந்தீர்கள். உங்களுக்குக் கோபம் வந்தால் அப்படித்தான்.

சாயங்காலம் அரிசி களையும் வாளியில் கடல் தண்ணீரை நிரப்பி அதில் அதைப் போட்டீர்கள். சோறாக்க வாளி இல்லை என்று அம்மா கத்தினாள். "நூறு வருசமா நனைஞ்சு கெடந்தது. இப்பக் காஞ்சா உப்பு உள்ள இருந்தே தின்னுபுடும்" என்றீர்கள். நான் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்தேன். என் உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிது. நான்கு கம்பி, ஒன்று பாதியில் உடைந்தது. எத்தனையோ பேர் பிடித்துத் திருகியதில் ஒரு பக்கம் மட்டும் மழமழவென்று தேய்ந்திருந்தது. தண்ணீருக்குள் எழுத நீங்கள் மணிக்கட்டில் கட்டும் வெள்ளை பிளாஸ்டிக் பலகையை எடுத்து, கண்ணை மூடி யோசித்து, பென்சிலால் அண்டாவை வரைந்தீர்கள். பக்கத்தில் எழுதினீர்கள்.

அந்தப் பலகைதான் இப்போது என் மடியில் இருக்கிறது.

'அண்டா. இடது பக்கம். மேலிருந்து மூணாவது குழாய். ஒடஞ்ச கம்பி மேல பாத்து இருக்கணும்.'

மறுநாள் விடியலில் போனீர்கள். தனியாகக் கடலில் இறங்கக்கூடாது என்று மற்றவர்களைத் திட்டுகிற நீங்கள் தனியாகப் போனீர்கள். கூட வந்தால் வேலை போய்விடும் என்று மாமா வரவில்லை. கடல் அன்றைக்கு உள்ளுக்குள்ளேயே முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டிருந்ததாம். மாமா போய்ப் பார்த்தபோது அண்டாவுக்கு வெளியே, இடது பக்கத்தில் கிடந்தீர்களாம். பின்மண்டையில் அடி. சிலிண்டரில் பாதிக் காற்று அப்படியே இருந்ததாம். இடுப்புப் பையில் சக்கரம். வெளியே என்றுதான் அன்றைக்கு மாமா அழுதுகொண்டே சொன்னார். அது எப்படி இரண்டே வாரத்தில் 'உள்ளே' ஆயிற்று?

முதலாளிக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. சிவப்பு வெல்வெட் துணி, மேலே விளக்கு, ஏசி. திருடனிடமிருந்து மீட்டது என்று மூன்று பாஷையில் எழுதியிருக்கிறார்கள். தமிழ் இல்லை; நம் ஆட்கள் படித்தால் கேள்வி கேட்பார்கள் என்று நினைத்தார்களோ என்னவோ. நீங்கள் சொன்ன மாதிரியே ஆகிறது. தினமும் வெல்வெட்டின் மேல் பச்சைப் பொடி உதிர்கிறது. இன்னொரு கம்பியும் விரிசல் விட்டுவிட்டது. அந்தப் பொடியைத் தினமும் காலையில் ஈரத்துணியால் துடைப்பது யார் தெரியுமா? அம்மா.

அம்மா மேலும் எனக்குக் கோபம்தான். ஆனால் அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. "ரூம்ல இருந்து எடுத்தது யாருன்னு மொதல்ல கேப்பாங்கடி. நாந்தான். புருசனும் பொண்டாட்டியும் சேந்து திருடுனாங்கன்னு ஆயிரும். அவரு பேரு போனது போகட்டும். இருக்கற கூரையாவது இருக்கட்டும்" என்றாள். சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். இந்தக் கூரையும் முதலாளியுடையதுதான். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. பயந்து பயந்தே மூன்று மாதம் அந்தக் கதையைக் கேட்டுக்கொண்டு பல் தேய்த்தேன்.

இன்று பையைத் திறந்தபின்தான் ஒன்று புரிந்தது. பலகையில் எழுதிய பென்சில் எழுத்து தண்ணீரில் அழியாது. ஒரு பிடி ஈர மணலைத் தேய்த்தால் போதும், போய்விடும். அந்தப் பையைக் கட்டிக் கொண்டுவந்து வாசலில் வைத்தது மாமா. உங்கள் கையிலிருந்து பலகையைக் கழற்றியவரும் அவர்தான். தமிழ் படிக்கத் தெரிந்தவர். காலடியில் கடற்கரை முழுக்க மணல். அவர் அழிக்கவில்லை. ஏன் அழிக்கவில்லை என்று எனக்குத் தெரியாது. அவரை மன்னிக்க இது போதாது. ஆனால் இதை அவரிடம்தான் கேட்க வேண்டும், எல்லோரும் இருக்கும்போது கேட்க வேண்டும் என்று தோன்றிவிட்டது.

அதற்கு முன்னால் உங்களிடம் ஒன்று சொல்லியாக வேண்டும். அன்று சாயங்காலம் கடல் தட்டையாகக் கிடந்தது. நீங்கள் அப்போதே போவதாகத்தான் இருந்தீர்கள். "இன்னிக்கு ஒரு ராத்திரி மட்டும் இருக்கட்டும்பா, நான் பாக்கணும்" என்று கேட்டது நான். நீங்கள் வாளியைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள், சரி என்றீர்கள். இதை யாரிடமும் சொல்லவில்லை. மற்றவர்கள் மேல் எனக்கு இருக்கும் கோபத்தில் எவ்வளவு என் மேல் இருப்பது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை, அப்பா. பிரித்தாலும் அவர்கள் சொல்வது பொய்தான். பொய் பொய்தான்.

கடலில் இறங்கும் முன் மணலில் பேசும் பிரீஃபிங்கை முடிக்கும்போது "கிஸீகோ கோயி சவால்?", யாருக்காவது கேள்வி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, நீங்கள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். யாராவது ஒருத்தர் ஏதாவது கேட்கும்வரை நகர மாட்டீர்கள். ஏன் இப்படி நின்று கேள்வி வாங்குகிறீர்கள் என்று நான் கேட்டதற்கு, "கரையில கேக்காதவன்தான் உள்ள போயி பயப்படுவான்" என்றீர்கள். மாமாவும் அந்தக் கேள்வியை விடவில்லை. கேட்டுக்கொண்டே ஃபின் எடுக்கத் திரும்பிவிடுகிறார், அவ்வளவுதான்.

நாளைக்கு அவர் திரும்புவதற்குள் நான் கையைத் தூக்கப் போகிறேன். அம்மா பெயரை எடுக்க மாட்டேன். முதலாளியையும் பெரிய மனிதரையும் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டேன். பலகையில் இருப்பதைத் தமிழில் படித்து, எல்லோருக்கும் புரியும்படி ஹிந்தியில் ஒரு தடவை சொல்வேன். பிறகு ஒரே கேள்வி. திருடப் போகிறவன், அது எந்தக் குழாயில் எப்படி இருந்தது என்று எழுதிக் கையில் கட்டிக்கொண்டா போவான், மாமா?

அவர் பதில் சொல்லும்வரை ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நிற்பேன். குரல் வருமா என்று தெரியவில்லை.

பலகையின் ரப்பர் வளையம் என் மணிக்கட்டுக்குப் பெரியதாக இருக்கிறது. இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டிக்கொண்டேன். நாளைக்குச் சட்டைக் கையை இழுத்துவிட்டால் வெளியே தெரியாது. எழுத்து உள்பக்கம் என் தோலைப் பார்த்து இருக்கிறது.