பிரஷர் மெஷின் மேல் வந்த சந்தேகம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டிப் பாப்பாவும் சுகமாக இருக்க வேண்டும் என்று கடவுளிடம் தினமும் முதலில் உங்கள் மூவரையும்தான் சொல்கிறேன். இங்கே நான் நலம். அப்பாவும் நலம் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேனே, அதை மட்டும் அடித்துவிடு.

மாத்திரை சாப்பிட்டும் டாக்டர் அறையில் பார்த்தால் அப்பாவுக்கு பிரஷர் ஏறித்தான் இருந்தது. டாக்டர், உங்களைக் கண்டாலே எனக்குப் படபடப்பு, வீட்டில் சரியாக இருக்கும் என்று இவர் சாதித்தார். டாக்டரும் சிலருக்கு அப்படி உண்டு, மெஷின் வாங்கி மூன்று வாரம் பார்த்து எழுதி வாருங்கள் என்றார். மருந்துக்கடைக்காரர் மணிக்கட்டில் கட்டுவதைத்தான் முதலில் நீட்டினார், நான் வேண்டாம் என்றேன், மேல்கையில் பட்டை சுற்றுவதுதான் நம்பகம் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். பெட்டியைப் பிரித்து கடைக்காரர் கையிலேயே சுற்றி ஓட்டிக் காட்டச் சொன்னேன், கேரண்டி அட்டையில் தேதியும் முத்திரையும் வாங்கினேன். நான் மெஷின்தாம்மா விக்கிறேன், பொண்ணு குடுக்கல என்று முணுமுணுத்தார். முணுமுணுக்கட்டும், நீயும் எது வாங்கினாலும் கடையிலேயே ஓட்டிப் பார்த்து வாங்கு.

மெஷினில் தேதி, நேரம் எல்லாம் நானே வைத்தேன். காபிக்கு முன்னால், ஐந்து நிமிஷம் பேசாமல், கால் தரையில் பட அப்பாவை உட்கார வைப்பேன். மெஷின் அவர் பக்கம், நோட்டு என் பக்கம். அவர் படிப்பார், நான் எழுதுவேன். நூற்று இருபத்தாறு, நூற்று இருபத்தெட்டு, தாண்டவே இல்லை. இவ்வளவு சுத்தமாக யாரும் எழுதி வந்ததில்லை என்று டாக்டர் என்னைப் பாராட்டி மாத்திரையைப் பாதியாக்கினார், இப்படியே இருந்தால் அடுத்த மாதம் உங்களைப் பார்க்க விமானம் ஏறலாம் என்றும் சொன்னார்.

மாத்திரை பாதியான பத்தாம் நாள் காலை அப்பா குளியலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார், பின்மண்டையில் வலி. எனக்குச் சந்தேகம் மெஷின் மேல். பாட்டரியை மாற்றினேன், பட்டையில் காற்று கசிகிறதா என்று காதை வைத்துக் கேட்டேன், கடைசியில் நோட்டையும் எடுத்துக்கொண்டு கடைக்கே போனேன், பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டீர்களா என்றே கேட்டுவிட்டேன். கடைக்காரர் தன் கையில் பார்த்தார், தன்னுடைய மெஷினிலும் பார்த்தார், இரண்டும் ஒன்றாகவே காட்டின. பிறகு பக்கத்துப் பட்டனை அழுத்தி, பழசெல்லாம் இதுல இருக்கும்மா என்றார். நூற்று அறுபத்தெட்டு, நூற்று எழுபத்திரண்டு. அதே தேதி, அதே நேரம். என் கையெழுத்தில் இருந்ததெல்லாம் பொய். ஊரையே சந்தேகப்பட்ட எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்த மனுஷன் மேல் சந்தேகம் வரவில்லை பார்.

வீட்டுக்கு வந்து சத்தம் போடவில்லை. அப்பா முன்னால் அந்தப் பட்டனை அழுத்தினேன், அவ்வளவுதான். நிஜத்தைச் சொன்னா டிக்கெட்டை ரத்து பண்ணச் சொல்லுவீங்க, குழந்தைக்கு ஆறு மாசம் ஆச்சு, நான் இன்னும் போன்லதான் பாத்துக்கிட்டு இருக்கேன் என்றார். அன்றைக்கே டாக்டரிடம் அழைத்துப்போய், நோட்டில் எல்லாவற்றையும் அடித்து மெஷினில் உள்ளதை எழுதிக் காட்டினேன். மாத்திரை மறுபடி முழுசு, கூட இன்னொன்று. மூன்று மாதத்துக்குப் பயணம் கிடையாது.

உன்னிடம் சொல்லாதே என்றார், சொல்லிவிட்டேன். அவரைத் திட்டாதே. தேதியைத் தள்ளி வைத்திருக்கிறோம், அவ்வளவுதான் என்று சொல், பாப்பாவைத் தூக்கிக்கொண்டு நடக்கிற தெம்போடு வரச் சொல். முடிந்தால் நீங்கள் ஒரு நடை வந்து போங்கள். இப்போது நான் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, மெஷினைப் பார்த்துத்தான் நோட்டில் எழுதுகிறேன்.

கடவுள் உங்கள் மூவரையும் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். பிரசவத்துக்குப் பிறகு கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறேன் என்று போனில் சொல்கிறாய், காலி அட்டையை போட்டோ எடுத்து அனுப்பு. நீயும் அவர் பெண்தானே.

இப்படிக்கு,
உன் அம்மா