மூப்பர் நாற்காலியும் வெள்ளிப் பொடியும்

செப்டம்பர் 14, ஞாயிறு

வெயில். திருத்தங்கல் ரோட்டில் தார் உருகி, டவுன் பஸ் பாயசத்து முந்திரி மாதிரி மிதந்து வந்தது. என்னைத் தவிர யாரும் பார்க்கவில்லை. அதனால் பொய் என்று ஆகிவிடாது.

இன்று எங்கள் பிரஸ்பிட்டேரியன் சபையில் மூப்பர் தேர்தல். எங்கள் முறையில் பிஷப் கிடையாது, மூப்பர்கள்தான் எல்லாம். சொந்தமாக இரண்டு மூப்பர் இல்லாததால் இத்தனை காலம் வேறொரு சபையின் வாலாகத் தொங்கினோம். இன்று இருவரைத் தேர்ந்தெடுத்தால், வரும் ஞாயிறு மேல்சபையிலிருந்து ஒரு பெரிய ஐயா வந்து தனிச் சபை என்று அறிவிப்பார்.

ஆளுக்கு ஒரு சீட்டு, சீட்டுக்கு ஒரு பெயர். களத்தில் மூன்று பேர். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் தேவராஜ் சார். அடுத்து, அடியேன். மூன்றாவது விஸ்வநத்தம் புஷ்பம். பட்டாசு ஆலையில் மருந்து அடைக்கும் வேலை. அவளாக நிற்கவில்லை, பெண்கள் சேர்ந்து பெயர் கொடுத்துவிட்டார்கள்.

முடிவு: முதலிடம் புஷ்பம், இரண்டாவது தேவராஜ் சார். எனக்கு மூன்றாம் இடம். மூன்று பேரில்.

எனக்கு விழுந்த ஓட்டு இரண்டு. ஒன்று என்னுடையது. மற்றது மனைவி தங்கத்தினுடையதாக இருக்க வேண்டும். நன்றி சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு ரசத்துக்குப் புளி கரைத்தாள். வெட்கம்.

புது வேட்டி, வெள்ளைச் சட்டை, ஏற்புரை எல்லாம் பீரோவுக்குள்.

செப். 15, திங்கள்

ஆர்ட் பேப்பர் லோடு வரவில்லை. பைண்டிங் மிஷின் பெல்ட் அறுந்தது. இதெல்லாம் நேற்றைய அநியாயத்துக்கு வானம் தெரிவித்த கண்டனம் என்று நினைக்கிறேன்.

வருங்காலச் சரித்திர ஆசிரியர்களுக்காக எழுதி வைக்கிறேன். இந்தச் சபை பிறந்த இடம் என் காலண்டர் பைண்டிங் செட். நாலு குடும்பம் வேப்பமரத்தடியில் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். நோவா காலத்துக்குப் பிறகு பெய்த பெரிய மழை அன்றுதான். தங்கம் எல்லோரையும் உள்ளே கூப்பிட்டாள். பேப்பர் ரீம்தான் பெஞ்சு. விற்காத மாதக் காலண்டர் கட்டுகள்தான் பிரசங்க மேடை. முதல் ஞானஸ்நானத்துக்குப் பசை காய்ச்சும் அண்டாவைத் தேய்த்துத் தண்ணீர் நிரப்பினோம். அந்தக் குழந்தை இன்றும் யாரைக் கண்டாலும் ஒட்டிக்கொள்கிறது.

இப்போது தனிக் கட்டடம், தகரக் கூரை. ஞாயிறு தாமதமாகப் போனால் செருப்பு விடக்கூட இடமில்லை. அம்புட்டும் என் செட்டில் தொடங்கியது. நான் மூன்றாம் இடம்.

செப். 17, புதன்

சாயங்காலம் பட்டாசுக் கம்பெனி வேன் எங்கள் செட் வாசலில் நின்றது. புஷ்பம் மட்டும் இறங்கினாள். உள்ளே வரவில்லை. இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள்.

"இதப் பாருங்க மாமா. இந்தக் கையாலயா அப்பத் தட்டு எடுத்துட்டுப் போவேன்?"

திருவிருந்தில் மூப்பர்கள்தான் அப்பத் தட்டை பெஞ்சு பெஞ்சாகக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அவள் உள்ளங்கையில் ரேகைக்கு ரேகை அலுமினியப் பொடி. நகக்கண்ணெல்லாம் வெள்ளி. சீசன் முடியும்வரை போகாது. முடிந்தாலும் போகாது.

எங்கள் ஆட்கள் ஒன்றும் சொல்லமாட்டார்கள், ஆனால் வருகிற பெரிய ஐயா முன்னால் சபைக்கு அசிங்கம் என்றாள். போதகரிடம் சொல்லியாகிவிட்டதாம். அவள் விலகினால் அடுத்த இடம் எனக்காம்.

"நீங்க நில்லுங்க மாமா. உங்க கை வெள்ளக் கை."

வேன் ஹாரன் அடித்தது. போய்விட்டாள்.

என் கையைப் பார்த்தேன். உண்மையிலேயே நல்ல கை. ஒரு மூப்பருக்கு வேண்டிய எல்லா லட்சணமும் இருந்தது.

செப். 18, வியாழன்

பீரோவிலிருந்து சட்டையை எடுத்து அயர்ன் பண்ணினேன். கண்ணாடி முன் எவர்சில்வர் தட்டை ஏந்தி நடந்து பழகினேன். தட்டில் அப்பத்துக்குப் பதில் முறுக்கு. சாலமோன் ராஜாவே நேரில் வந்திருந்தால் எழுந்து இடம் கொடுத்திருப்பார்.

தங்கம் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "அந்த வேன்ல ஏறுற பொம்பளைக ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு வாரது உங்க செட்டைப் பாத்தா?" என்று கேட்டுவிட்டு முறுக்கை எடுத்துக்கொண்டு போனாள்.

முறுக்கு போனது. சந்தோஷமும் போனது.

தெரியாததில்லை. எழுதத்தான் பிடிக்கவில்லை. செட்டில் நாலு குடும்பம் நாலு குடும்பமாகவேதான் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் பக்கத்து ஆலை ஒன்றில் வெடித்து, புஷ்பத்தின் தெருவில் மூன்று வீடு இருண்டது. மறுவாரம் வேன் கிளம்பும்போது அவள் கண்ணை மூடி, காலையில் ஏறின அத்தனை பேரும் சாயங்காலம் இறங்க வேண்டும் என்று ஒரு வரி சொல்லியிருக்கிறாள். மறுநாள் பக்கத்து சீட்டுக்காரி, எனக்கும் சேர்த்துச் சொல்லு என்றாளாம். பிறகு டிரைவர், அது முடியாமல் வண்டியை எடுப்பதில்லை. சபை வளர்ந்தது அந்த வேனில். நான் கொடுத்தது கூரை மட்டும்.

அது நல்ல கூரை. அதையும் குறித்து வைக்கிறேன்.

செப். 19, வெள்ளி

பெல்ட் மாட்டியாச்சு. லோடு வந்தது. மனசு சரியில்லை. இட்லி ஆறுதான் இறங்கியது.

செப். 20, சனி

சனிக்கிழமை வேன் சீக்கிரம் திரும்பும். அதற்குள் ஒரு ராஜதந்திரம். செட்டில் கல்யாணப் பத்திரிகை எழுத்து மினுங்கத் தூவும் வெள்ளிப் பொடி டப்பா உண்டு. இரண்டு கை நிறைய அள்ளி, தேங்காய் எண்ணெய் விட்டு முழங்கை வரை தேய்த்தேன். டி.வி.எஸ். ஹேண்டில், சட்டைப் பை, மூக்கு எல்லாம் வெள்ளி. விஸ்வநத்தம் போகும் வழியில் இரண்டு நாய்கள் வணங்கி வழிவிட்டன.

புஷ்பம் வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கையை நீட்டி, எனக்கும் ஆகிவிட்டது, இனி நானும் நிற்க முடியாது, ஒரே மூப்பர்தான், நாளைக்குத் தனிச் சபை கிடையாது, பெரிய ஐயாவுக்கு போன் போட்டுச் சொல்லிவிடு என்றேன்.

அவள் என் விரலை மோந்து பார்த்தாள்.

"இது பத்திரிகைக்குப் போடுற பொடில்ல?"

"பொடி பொடிதான்."

"எண்ணெயப் போட்டு ஊற வச்சுருக்கீக. கூறு இருக்கா மாமா? லேசுல போகாது."

நாளை சாயங்காலம் போய்விடும்தானே என்று கேட்டேன். பெரிதாகச் சிரித்தாள். பக்கத்து வீட்டுக்காரிகள் எட்டிப் பார்த்து, விஷயம் தெரிந்து அவர்களும் சிரித்தார்கள். பாத்திரச் சோப்பு, புளி, தேங்காய் நார் வந்தன. புஷ்பமே என் கையைப் பிடித்துத் தேய்த்தாள். தோல் போனது. வெள்ளி போகவில்லை.

சுற்றி நின்றவர்களைக் காட்டிக் கேட்டேன். "நாளைக்குத் தட்டுல கை வைக்கப்போறது இவுகதான தாயி? இதுல யார் கை வெள்ளக் கை?"

புஷ்பம் தேய்ப்பதை நிறுத்தினாள். வருவாளா தெரியாது. நான் வீட்டுக்கு வந்து, அயர்ன் பண்ணின சட்டையை மடித்து பீரோவில் வைத்துவிட்டேன்.

செப். 21, ஞாயிறு

மேகமூட்டம். ஆராதனை ஆரம்பிக்கும்வரை அவள் வரவில்லை. போதகர் என்னைப் பார்த்தார். நான் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினேன். மனுஷன் பாட்டுப் புத்தகத்தைத் தவறவிட்டார்.

முதல் பாட்டு பாதியில் வந்தாள். மாம்பழக் கலர்ச் சேலை. நேரே முன்னால் போய் சார் பக்கத்தில் நின்றாள். பெரிய ஐயா தலையில் கை வைத்து ஜெபித்தார். தனிச் சபை ஆனோம். அந்த நேரம் பூமி சற்று நின்று சுற்றியது, என் பெஞ்சு ஆடியது.

திருவிருந்து. புஷ்பம் தட்டை ஏந்திப் பெரிய ஐயாவிடம் போனபோது அவர் அவள் கையைப் பார்த்தார். அவர் பார்ப்பதை அவளும் பார்த்தாள். தட்டு அசையவில்லை. அவர் எடுத்தார். பிறகு பெஞ்சு பெஞ்சாக வெள்ளிக் கைகள் நீண்டன. கடைசி பெஞ்சில் என்னுடையது. "இன்னும் போகலையா" என்றாள் மெதுவாக. சிரிப்பை அடக்கினேன். கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது. பொடியாக இருக்கும்.

செப். 22, திங்கள்

தூறல். காலண்டர் ஆர்டர் கொடுக்க வந்த மளிகைக்கடைக்காரர் என் கையைப் பார்த்து, அண்ணாச்சி, பிரஸ்ஸ மூடிட்டு மருந்து வேலைக்குப் போறீகளா என்றார். சர்ச்சுக்குப் போனேன் என்றேன். குழம்பிப் போனார்.

சாப்பிடும்போது தங்கத்திடம் கேட்டேன், தேர்தலில் எனக்கு ஓட்டுப் போட்டதை ஏன் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறாய் என்று.

"நான் எங்க உங்களுக்குப் போட்டேன்? புஷ்பத்துக்குல்ல போட்டேன்."

அப்படியானால் அந்த இன்னொரு சீட்டு? சார் தன் பெயரைத்தான் எழுதுவார், கணக்கு வாத்தியார். ஆண்கள் எல்லோரும் சாருக்கு, பெண்கள் எல்லோரும் புஷ்பத்துக்கு. களத்தில் நின்ற மூன்று பேரில் தன் பெயரைத் தானே எழுதாத ஆள் ஒருத்திதான்.

எழுந்து கை கழுவினேன். வெள்ளி அப்படியே இருக்கிறது.