யூஜினி போட்ட புள்ளடி

ஸ்காபுறோ
12 தை 2025

அன்புள்ள பிறம்ரன்காரருக்கு,

சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டாலும் சொல்லமாட்டீர்கள். ஃபோனில் கதைத்தால் சண்டைதான் வரும் என்பதால் வழக்கம்போல எழுதுகிறேன்.

உங்கள் கம்பனி இன்சூரன்ஸ் ஃபோர்ம் இதனுள் இருக்கிறது. இந்த மாதத்துக்குள் உங்கள் கையெழுத்தோடு போகாவிட்டால் எனக்கு ஊசி இல்லை. ஊசி இல்லாவிட்டால் இந்த முடக்குவாதம் தேத்தண்ணிக் கோப்பையைக்கூடப் பிடிக்க விடாது. போன வருடம் நீங்கள் திகதி போட மறந்து, மூன்று கிழமை நான் கட்டிலோடு கிடந்தேன்.

வைத்தியசாலையில் சமூக சேவைப் பிள்ளை இந்த முறையும் சொன்னாள்: மாகாண ஃபோர்மில் ‘பிரிந்து வாழ்பவர்’ என்ற கட்டத்தில் புள்ளடி போட்டால், உங்கள் சம்பளத்தைக் கணக்கில் எடுக்காமல் அரசாங்கமே மருந்து தருமாம். கோயிலில் கைபிடித்தவளுக்கு அப்படியொரு கட்டம் இல்லையென்று சொல்லிவிட்டு வந்தேன். ஏழு வருடமாக அதையேதான் சொல்லுகிறேன்.

இங்கே ஒருவரும் வருவதில்லை. ஃபார்மசிப் பெடியன் ஊசிப் பெட்டியைத் தரும்போதுதான் யாராவது என் பெயரைச் சொல்லிக் கேட்கிறேன்.

இப்படிக்கு,
கடதாசியில் இன்னும் உங்கள் மனைவி,
யூஜினி

பிறம்ரன்
20 தை 2025

அன்பின் யூஜினிக்கு,

கையெழுத்தும் திகதியும் போட்டிருக்கிறேன். ஒஃபிசில் காட்டிச் சரிபார்த்துத்தான் அனுப்புகிறேன்.

எனக்கு ஒரு குறையும் இல்லை. வேர்ஹவுஸில் சும்மா நிற்கிற வேலைதான். ஊசியை ஃப்ரிட்ஜ் கதவில் வைக்காதேயும், உள்ளே வையும். கதவைத் திறக்கத் திறக்கச் சூடேறும். பனிக்குள் தனியாக நடக்கவேண்டாம்.

அன்புராசா

ஸ்காபுறோ
16 பங்குனி 2025

அன்புள்ள பொய்காரருக்கு,

வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதைக்கு வந்த உங்கள் வேலைத்தோழர் பஸ்ரியனைக் கண்டேன். அறுபத்தேழு வயதில் இடுப்புக்குப் பட்டி கட்டிக்கொண்டு பெட்டி தூக்குகிறீர்களாம். போன மாதம் ஏணியிலிருந்து விழுந்து, இரண்டே நாளில் திரும்ப வேலைக்குப் போனீர்களாம். பென்சனை எடுத்துக்கொண்டு இருக்கச் சொன்னதற்கு நீங்கள் சொன்ன பதிலையும் சொன்னார். “வேலைய விட்டா இன்சூரன்ஸ் போயிடும், அவளுக்கு ஊசி நிண்டிடும்.”

“வருத்தக்காரியோட காலந்தள்ள என்னால ஏலாது” என்று சொல்லிவிட்டுப் போன மனிதர் நீங்கள். அந்தக் கோபத்தில்தான் நானும் பிடிவாதமாக இருந்தேன். சனம் என்ன சொல்லும் என்ற வெட்கமும் இருந்தது. என் வெட்கத்துக்காக நீங்கள் முதுகை முறிக்கவேண்டாம். நேற்று மாகாண ஃபோர்மில் அந்தக் கட்டத்தில் புள்ளடி போட்டு அனுப்பிவிட்டேன். அழுதுகொண்டுதான் போட்டேன்.

வேலையை விடுங்கோ.

யூஜினி

பிறம்ரன்
6 சித்திரை 2025

யூஜினி,

உமது கடிதத்தை இரண்டு கிழமையாகச் சட்டைப்பையில் கொண்டு திரிகிறேன். உமக்கு அனுமதி வந்தவுடன் வேலையை விடுகிறேன்.

பஸ்ரியனுக்கு அரைவாசிதான் தெரியும். ஊசிக்காகத்தான் வேலையில் நின்றேன். ஆனால் வருடத்துக்கு ஒருமுறை அந்த ஃபோர்மில் ‘மனைவி’ என்ற இடத்தில் உம்முடைய பெயரை எழுதுவேன். அதை இழக்க மனம் வரவில்லை. உமக்கு வருத்தம் வந்தபோது நான் பயந்துபோனேன். பயத்தில்தான் அப்படிச் சொன்னேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை, வேலை செய்யத்தான் தெரிந்தது.

இனி என்ன சாட்டில் உமக்கு எழுதுவது என்று தெரியவில்லை. நான் ஸ்காபுறோவுக்கு வரட்டா?

அன்புராசா

ஸ்காபுறோ
11 வைகாசி 2025

அன்புராசாவுக்கு,

மாகாணத்தின் அனுமதி வந்துவிட்டது. நேற்று அவர்கள் தந்த ஊசியைப் போட்டேன். நீங்கள் நாளைக்கே வேலையை விடலாம்.

உங்கள் கேள்வியை நாலு கிழமையாக யோசித்தேன். முதல் வருடம் இதை எழுதியிருந்தால் அடுத்த பஸ்ஸிலேயே நான் வந்திருப்பேன். மூன்றாம் வருடமென்றாலும் வந்திருப்பேன். இப்போது வலக்கை ஏலாத நாளில் இடக்கையால் ஊசி போடப் பழகிவிட்டேன். அதைப் பழக எனக்கு எத்தனை மாதம் எடுத்தது தெரியுமா? நீங்கள் வந்தால் அது மறந்துபோகும். பிறகு நீங்கள் இன்னொருமுறை பயந்துபோனால், திரும்பவும் முதலிலிருந்து பழக என்னிடம் தெம்பு இல்லை.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. வரவேண்டாம்.

முதுகை வைத்தியரிடம் காட்டுங்கோ.

யூஜினி