இருமாமல் குடித்த நான்கு மடக்கு

என் பாதி டீக்கு உரிமைக்காரனான ஜெயபாலுக்கு,

நீ போய் ஐந்து மாதம் ஆகிறது, மச்சான். அண்ணனூர் ஸ்டேஷன் வாசல் டீக்கடையில் கண்ணாடி டம்ளர் போய்க் காகிதக் கப் வந்துவிட்டது. மாஸ்டர் அதே ஆள்தான். என் தலையைக் கண்டதும் பழக்கத்தில் இரண்டு கப்பை எடுத்து வைக்கிறார். பிறகு ஒன்றைத் திரும்ப அடுக்கில் செருகுகிறார். இருவரும் அதைப் பார்க்காதது போல இருந்துவிடுகிறோம்.

பத்திரிகைக்கு நான் எழுத, நீ படம் எடுக்க, முப்பது வருடம் ஒரே வண்டியில் ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி என்று அலைந்தோம். எங்கே நிறுத்தினாலும் ஒன் பை டூ, ஒரு டீயில் ஆளுக்குப் பாதி. "முழு டீ குடிச்சா நியூஸ் ஆறிப்பூடும் மாமே" என்பாய். இன்று நான் எழுத வேண்டியதும் ஒரு அரை டீயைப் பற்றித்தான். உனக்கு அது தெரியும். உன் மனைவி ரமணிக்குத் தெரியாது.

பக்கவாதம் உன் வலது கையை முடக்கியதைப் பார்த்தோம். பேச்சு குழறியதைக் கேட்டோம். தொண்டைக்குள் நடந்ததை யாரும் பார்க்கவும் இல்லை, கேட்கவும் இல்லை. மூக்கில் குழாயோடு வீட்டுக்கு வந்தாய். "ஏரியாவுலயே மூக்கால துன்ற ஆளு நான் ஒருத்தன்தான்" என்று நீ சொல்ல, ரமணி சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் சமையலறைக்குள் போனாள்.

விழுங்கும் பயிற்சி கொடுக்க வாரம் இரண்டு நாள் ஒரு பெண் வந்தாரே, நினைவிருக்கிறதா? உன் ஜன்னலுக்கு வெளியே தெரியும் ரயில்வே கேட்டைக் காட்டித்தான் அவர் விளக்கினார். "மூச்சு போற வழியும் சாப்பாடு போற வழியும் தொண்டையில ஒண்ணையொண்ணு கிராஸ் பண்ணுது சார். சாப்பாடு போற அந்த ஒரு செகண்ட் மூச்சுக்கு கேட் போடணும். உங்க கேட் லேட்டா விழுது."

"கேட்கீப்பர் தூங்கிகினு கீறான் போல" என்றாய் நீ.

நான் குறிப்பு எடுத்துக்கொண்டேன், தொழில் பழக்கம். நாக்கு கவளத்தைப் பின்னால் தள்ளுகிறது. மேலண்ணத்தின் மென்மையான பின்பகுதி எழுந்து மூக்குப் பக்கத்தை அடைக்கிறது. குரல்வளை ஒரு துள்ளு துள்ளி மேலேறுகிறது. கண்ணாடி முன் நின்று எச்சில் விழுங்கினால் கழுத்தில் அது தெரியும். அதன் மேல் ஒரு மூடி கவிழ்கிறது, குரல் நாண்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன, மூச்சு நிற்கிறது, உணவுக்குழாயின் வாய் திறக்கிறது. ஏறக்குறைய முப்பது ஜோடித் தசைகள். அவற்றை இயக்க மூளையிலிருந்து நேராக இறங்கும் ஐந்து ஜோடி நரம்புகள். ஆரம்பிப்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது. நாக்கின் பின்பகுதியைத் தாண்டிவிட்டால், நில் என்று நாம் சொல்ல முடியாது.

கெட்டியானது மெதுவாக நகரும், கேட் விழ நேரம் கிடைக்கும். தண்ணீரும் டீயும் ஓடிவிடும். நாம் நினைப்பதற்கு நேர் எதிர். குழாயை எடுத்த பிறகு கெட்டியான ராகிக் கஞ்சிக்கும் குழைத்த இட்லிக்கும்தான் உனக்கு அனுமதி, அதுவும் தாடையை நெஞ்சுப் பக்கம் தாழ்த்திக்கொண்டு. "போஸ்டர் ஒட்ற பசை மாரி கீது" என்று தினமும் ரமணியை வம்புக்கு இழுத்தாய். அந்தப் பெண் எழுதிக் கொடுத்த தாள் பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது. அதன் கடைசி வரி: இருமல் வந்தால் உடனே நிறுத்தவும்.

அந்த வரியை நாம் இருவரும் தப்பாகப் படித்தோம். நீ நோயாளி. நான் செய்தியாளன்.

வெள்ளிக்கிழமை காலை, ரமணி ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். நான் எனக்கென்று பார்சல் டீ வாங்கி வந்திருந்தேன். வாசனைக்கே எழுந்து உட்கார்ந்தாய்.

"இன்னா மாமே, தனியா குடிக்கிறியா? எத்தினி வருசத்துப் பழக்கம்!"

"டீ கூடாதுன்னு தாள்ல போட்டிருக்குடா."

"இருமல் வந்தா நிறுத்துன்னுதானே போட்டுகீது? வரலன்னா?"

உன் கேள்வி எனக்கு நியாயமாகப் பட்டது. பாதியை உன் டம்ளரில் ஊற்றினேன். தாடையைத் தாழ்த்திக்கொண்டு நான்கு மடக்கு குடித்தாய். ஒரு இருமல் இல்லை, செருமல்கூட இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, "சக்கர கம்மி" என்றாய். டம்ளரைக் கழுவி இருந்த இடத்திலேயே கவிழ்த்துவைத்தேன். இரண்டு பேரிடம் கேட்காமல் ஒரு வரி எழுதாதவன், வராத இருமலை ஒற்றைச் சாட்சியாக வைத்துக்கொண்டு உனக்கு டீ கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல். நிமோனியா என்றார்கள். ஒன்பதாம் நாள் நீ இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் ரமணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, வியாழக்கிழமை கஞ்சியைக் கொஞ்சம் தண்ணியா கரைச்சுட்டேன். கரண்டியில நிக்கல. நான்தாண்ணே..." அப்போதே சொல்லியிருக்க வேண்டும். மென்று விழுங்கினேன்.

போன மாதம் அந்தப் பயிற்சிப் பெண்ணைத் தேடி அம்பத்தூர் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "இருமல் வராததுதான் சார் எங்களுக்குப் பயமே. தொண்டையில உணர்ச்சி போயிட்டா, தப்பான வழியில இறங்கினாலும் உடம்புக்குத் தெரியாது. சத்தமே இல்லாம நுரையீரலுக்குப் போயிடும்." அதையும் தாளில் எழுதியிருக்கலாம் என்று அவராகவே சொன்னார். டீதான் காரணமா என்று கேட்டேன். "சொல்ல முடியாது சார். கஞ்சியா இருக்கலாம். அவரோட எச்சிலாவே இருக்கலாம்." அந்தப் பதில் எனக்கு ஆறுதலா, தண்டனையா? தெரியவில்லை. அதற்கு மேல் ஒரு சொல் எழுத என்னிடம் ஆதாரம் இல்லை.

ரமணி எப்படி இருக்கிறாள் என்று கேட்பாய். வீட்டில் ராகி வாங்குவதில்லை. யாருக்காவது பக்கவாதம் என்று காதில் விழுந்தால் முத்தாபுதுப்பேட்டை வரைக்கும்கூட ஷேர் ஆட்டோ ஏறிப் போய்விடுகிறாள். "கஞ்சியைக் கெட்டியா காய்ச்சுங்கம்மா, நான் பண்ண தப்பைப் பண்ணாதீங்க." போன வாரம் பக்கத்து வீட்டுக்காரியிடம் என் எதிரிலேயே சொன்னாள். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, "இல்லண்ணே?" என்றாள். நான் கையிலிருந்த டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எது உன்னைக் கொண்டுபோனது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அந்தச் சந்தேகம் முழுவதையும் அவள் ஒருத்தி சுமந்துகொண்டிருக்கிறாள். அதில் பாதி என்னுடையது, மச்சான்.

இந்த ஞாயிறு காலை உன் வீட்டுக்கு வருகிறேன். "டீ போடட்டுமாண்ணே?" என்று ரமணி கேட்பாள். அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன் சொல்லிவிடுவேன்: வெள்ளிக்கிழமை, அரை டம்ளர், நான்கு மடக்கு. அவள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எழுந்து போகச் சொன்னால் போவேன். அதற்குப் பிறகுதான் இந்தக் கடிதம் அச்சுக்குப் போகும். பத்திரிகையைப் பிரித்து அவள் இதைத் தெரிந்துகொள்ளும்படி விடமாட்டேன். இது உனக்கு என் வாக்கு.

இன்றுவரை உன் ரமணிக்கு அண்ணன்,
என்றைக்கும் உனக்கு மச்சான்,
தணிகாசலம்