ஐயர் வீட்டுப் பொன்னன்

வைகாசி 18, ஞாயிறு

விடியவே சோளகக் காற்றுத் தொடங்கிவிட்டது. கொடியில் போட்ட துணி எதுவும் நிற்கவில்லை. பூசைக்கு உடுக்க வைத்த வேட்டியைப் பொன்னன் இழுத்துக்கொண்டு போய்க் கிணற்றடிச் சேற்றில் விரித்துப் படுத்திருந்தான். இவர் கோயிலுக்குப் புறப்பட்டு நிற்கும்போது ஓடிவந்து மேலே பாய்ந்ததும் அவன்தான். நாய் தொட்ட உடம்போடு பிள்ளையாரைத் தொட முடியாது. திரும்பக் குளிப்பு. இவர் ஒரு சொல் ஏசவில்லை. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

கொழும்பு மகனுக்குப் போன் எடுத்தேன். கோல்டன் ரெட்றீவர் என்று படம் படமாக அனுப்பி ஆசைப்பட்டு வாங்கியவன் அவன். மாடி வீட்டுச் சொந்தக்காரர் நாய் கூடாது என்றதும் இங்கே கொண்டுவந்து இறக்கினான். "ரெண்டு மாசம் மட்டும் அம்மா." அது போன ஐப்பசி. இன்று கேட்டால், "அவன் உங்களோடை நல்லாப் பழகிட்டான் அம்மா" என்கிறான்.

"மயிரைக் கூட்டி அள்ளுறது ஆர்? நீயே?" என்று கேட்டேன். லைன் கிளியர் இல்லையாம்.

குசினி, கதிரை, சாமி அறை வாசல், நேற்றுப் பொரித்த அப்பளம். எங்கும் பொன் மயிர்.

இன்னொன்று. எதையாவது வாயில் கவ்வாமல் அவனுக்கு இருக்க ஏலாது. கவ்வியதை இவருடைய காலடியில் மட்டும்தான் கொண்டுவந்து வைப்பான். இதுவரை: ஒற்றைச் செருப்பு (யாருடையது என்று இன்னும் தெரியாது), பனங்கொட்டை, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பந்து, காவோலைத் துண்டு. சோறு போடுவது நான். எனக்கு ஒரு குச்சி கூடக் கிடையாது.

வைகாசி 20, செவ்வாய்

நல்ல வெயில். உழுந்து ஊறப்போட வேணும். மறந்துவிட்டேன்.

சாட்டிக் கடற்கரையில் மீன் விற்கும் திரேசா படலைக்கு வெளியே நின்று தண்ணீர் கேட்டார். உள்ளே வரமாட்டார். பொன்னன் போய் அவர் கையை நக்கு நக்கென்று நக்கினான்.

"ஐயரம்மா, விலா எலும்பெல்லாம் தெரியுது. என்ன குடுக்கிறியள்?"

"தயிர்ச்சோறு. நெய் விட்டு."

"இது நாயெல்லே அம்மா. ஐயர் இல்லையே." சிரிப்பு வேறு.

எங்கள் வீட்டில் நெய்ச்சோற்றுக்குக் குறை சொன்ன முதல் ஆள்.

மகள் காயத்திரி சும்மா இருக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் மிருக வைத்தியர் ஒருவருக்குப் போன் எடுத்தாள். "ஒரு முட்டையாவது குடுக்கட்டாம் அம்மா." முட்டை! இந்தக் குசினியில்! சோயா அவித்து வைத்தேன். மணந்து பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வை எனக்குத் தேவையில்லை.

வைகாசி 23, வெள்ளி

கோபத்தில் எழுதுகிறேன்.

கோயில் தலைவர் (இனி த.) கொடியேற்றம் பற்றிப் பேச வந்திருந்தார். விறாந்தையில் கதிரை, கையில் கோப்பி. இவர் குளித்து, திருநீறு பூசி, பூசைக்குப் புறப்பட்டு நின்றார். பின்வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து வந்தான் பொன்னன். உடம்பெல்லாம் ஈரம். வாயில் மீன். நேரே வந்து இவருடைய காலடியில் வைத்துவிட்டு வாலை ஆட்டினான்.

த. கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார். "ஐயா! மச்சம்! கோயில் ஐயர் வீட்டுக்குள்ளை மச்சம்!"

மச்சமாம். வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாளெல்லாம் அவர் வீட்டு மீன்குழம்பு எங்கள் ஒழுங்கைவரை மணக்கும்.

"கொடியேற முன்னம் இந்த நாய் வெளியிலை போகவேணும். இல்லாட்டில் திருவிழாவுக்கு வேறை ஐயரைத்தான் கூப்பிடுவம்."

இவருடைய அப்பா ஏற்றிய கொடி. அவருக்குப் பிறகு இவர். வேறு கை அதைத் தொட்டதில்லை. இவர் கிணற்றடிக்குத் திரும்பக் குளிக்கப் போனார்.

மீனைத் தொட எங்களில் ஆளில்லை. திரேசாவைக் கூப்பிட்டு எடுப்பித்தோம். "வலை இழுக்கிற இடத்திலை இப்ப வந்து நிக்கிறவன் அம்மா. ஒருத்தரும் கலைக்கிறேல்லை" என்றார். ஊருக்கே தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும் தெரியாது.

வைகாசி 24, சனி

கடையில் காதில் விழுந்தது: "ஐயர் வீட்டிலை மீன் பிடிபட்டதாம்." நாயைப் பற்றிப் பேச்சே இல்லை. நாங்கள் ஒளித்து வைத்துச் சமைத்தது போல.

என்னைக் கண்டதும் ஆறுதல். "நாய் வைரவற்றை வாகனமெல்லே அம்மா." வைரவருக்கு வடைமாலை சாத்தும் அதே கைகள்தான் ஒழுங்கையில் நாய்க்குக் கல் எறிகின்றன. பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன்.

பின்னேரம் கேட்டேன். "இஞ்சேருங்கோ, என்ன செய்யப் போறியள்?"

"திரேசாவிட்டைக் கேட்டுப் பாரும்" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

வைகாசி 26, திங்கள்

கொண்டுபோய்விட்டார்கள். சுருவில் ஊரில் திரேசாவின் தங்கை வீடு. பெரிய வளவாம். மீனுக்குக் குறைவில்லையாம். ஓட்டோவில் தானாகவே ஏறி இருந்தான். ஊர் சுற்றப் போவதாக நினைப்பு.

காயத்திரி அறையை விட்டு வரவில்லை. "அந்தாளுக்குப் பயந்து குடுத்திட்டியள்" என்று கதவுக்குப் பின்னால் நின்று சொன்னாள். அவள் சாப்பாட்டைக் கதவடியில் வைத்துவிட்டு வந்தேன்.

த. படலையில் நின்று எட்டிப் பார்த்தார். "நல்ல காரியம் செய்தியள் ஐயரம்மா." நல்ல காரியமாம்! என் நாயை என் வீட்டிலிருந்து கலைத்துவிட்டு!

என் நாய் என்று எழுதியிருக்கிறேன். இருக்கட்டும், வெட்டவில்லை.

வைகாசி 28, புதன்

வேட்டிகள் எல்லாம் வெள்ளை வெளேரென்று காய்கின்றன. இவருக்கு ஒரு குளிப்போடு சரி. புறப்படும்போது வாசலில் கொஞ்சம் நின்று காலடியைப் பார்த்துவிட்டுப் போகிறார்.

தயிர்ச்சோறு மிஞ்சிப்போனது. அளவு இன்னும் கைக்கு வரவில்லை. அலுமாரிக்குக் கீழே கூட்டினால் ஒரு பிடி மயிர். எறியவில்லை.

யார் யாரில் கோபம்: த., மகன், ஊர், இவர். நானும்.

வைகாசி 30, வெள்ளி

நாளை கொடியேற்றம். காற்று அடங்கவில்லை.

காலை கிணற்றடியில் பூசைப் பாத்திரம் மினுக்கிக்கொண்டிருந்தேன். இவர் குளித்துவிட்டு முற்றத்தில் நின்றார். பின்வேலிப் பொட்டால் பொன்னன். கழுத்தில் கடித்து அறுத்த கயிறு. சுருவிலில் இருந்து ஓடி வந்திருக்கிறான். சாட்டிப் பக்கத்தால்தான் வந்தான் போல, வாயில் மீன். இவரைத் தாண்டி வந்தான். என் காலடியில் வைத்தான்.

என் காலடியில்.

செவுள் இன்னும் அசைந்தது. பிறந்ததில் இருந்து மீனைத் தொட்டவள் அல்ல நான். கையால் எடுத்தேன். வழுக்கியது. வாழையிலைத் துண்டொன்றில் வைத்து, "தின்னடா" என்றேன். முள்ளும் மிஞ்சவில்லை.

இவர் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு வாளியில் தண்ணீர் அள்ளி அவனுக்கு வைத்தார். அவன் குடித்துவிட்டு அவர்மேல் பாய்ந்தான். வேட்டி முழுக்கச் சேறு.

"படலையைப் பூட்டும்" என்றார். "பிறகும் ஆரேன் கொண்டுபோயிடுவினம்."

பூட்டிவிட்டேன். உள்ளே பொன்னன் என் காலில் தலையை வைத்துப் படுத்திருக்கிறான். வெளியே த. மோட்டார்ச் சைக்கிளில் இருந்தபடி ஹோர்ன் அடிக்கிறார். அடிக்கட்டும்.